மிருதுளா பேர்ல இருக்கற வண்டி

வாங்க தம்பி, வாங்க. செருப்பைக் கழட்டாதீங்க. இது ஊடில்லீங்க, லேத் பட்டறை. கீழயெல்லாம் இரும்புச் சுருள் கெடக்குது, வெறுங்காலோட வந்தா கிழிச்சுப்போடும். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. ஞாயித்துக்கெழமைங்கறதால ஆளுக ஒருத்தரும் வரலை. நாம ரெண்டு பேருதான். இந்தக் கணபதி ஏரியாவுல ஞாயித்துக்கெழமை மட்டும்தானுங்க ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் காதுல விழுகும்.

வண்டி அதா, தார்ப்பாய்க்கு அடியில நிக்குது. இருங்க, எந்திரிக்காதீங்க. சாவி என்ற சட்டைப் பையிலதான் இருக்குது, எங்கயும் போயிடாது. எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் வண்டியக் காட்டுவேன். மறைச்சு விக்கற பழக்கம் எனக்கு இல்லை. வெள்ளியங்கிரி எப்படிப்பட்டவன்னு இந்த வீதியில யார வேணும்னாலும் கேளுங்க. கோவக்காரன், ஆனா நேர்மையானவன்னு சொல்லுவாங்க. கோவக்காரன்ங்கறது சும்மா சொல்றதுங்க. நான் நெம்பப் பொறுமையான ஆளு. நீங்களே பாக்கத்தான போறீங்க.

போன்லயே சொன்னனில்லீங்க, பேப்பர் என்ற மக மிருதுளா பேர்ல இருக்குது. அவ இப்ப திருப்பூர்ல மாமன் ஊட்ல இருக்கறா, மாமன் அங்க நூல் கடை வெச்சிருக்கறான். வண்டி கை மாறணும்னா அவ கையெழுத்து வேணும். அதுக்கு அவளே இங்க நேர்ல வரணும், வந்து வண்டிக்குப் பக்கத்துல நின்னு போடணும். அது ஒண்ணுதான் என்ற கண்டிசன். விலைல முன்னப்பின்ன பாத்துக்கலாம், அதுல முன்னப்பின்ன கெடையாது.

எதுக்கு அவ பேர்லன்னா, அது ஜோசியர் சொன்னது. என்ற ஜாதகத்துல வாகன ஸ்தானம் கெட்டுக் கெடக்குதாம். என்ற பேர்ல ஒரு சைக்கிள் கூட வாங்கக் கூடாதுன்னுட்டாரு. இந்தப் பட்டறை டெம்போ கூட சாந்தாமணி பேர்லதான் இருக்குது. சாந்தாமணி என்ற சம்சாரம். இந்த வண்டிய வாங்கறப்ப மக ஜாதகம் நல்லா இருக்குதுன்னாரு. சரின்னு அவ பேர்ல எழுதுனோம். டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சதும் அவ கையாலதான். அன்னிக்கு அவ மொகத்தைப் பாக்கணுமே நீங்க. காலேஜ்ல ஆட்டோமொபைல் படிக்கற புள்ளை, ஊட்ல இப்படி ஒரு வண்டி வந்து நின்னா எப்படி இருக்கும்?

பொள்ளாச்சியில ஒரு தென்னந்தோப்புக்காரர்கிட்ட வாங்குனதுங்க. ரெண்டு கதவு, மஞ்சக் கலரு, வெளிநாட்டுல இருந்து எறங்குனது. இருவது வருசத்து வண்டிதான், ஆனா இஞ்சின் கல்லு மாதிரி இருந்துச்சு. அடிவண்டிதான் போச்சு. மூட்டுக்கு மூட்டு இருக்கற ரப்பர் புஷ்ஷெல்லாம் கையில எடுத்தா மாவு மாதிரிக் கொட்டுது. நாலு ஷாக் அப்சார்பரும் எண்ணெய் கசிஞ்சு செத்துக் கெடக்குது. எம்பதுக்கு மேல போனா மூக்கு மேலயும் கீழயும் போயிட்டு வரும், வளைவுல திருப்புனா ஒருபக்கமாப் படுத்துக்கும். பந்தயக் கார்ன்னு வாங்கிட்டு வந்து டெம்போகிட்டத் தோக்கறதுக்கா?

போஸ்கோவைக் கூப்பிட்டுக் காட்டுனேன். போத்தனூர்க்காரன், ரேஸ் வண்டிகள்ல வேலை பாத்த மெக்கானிக்கு. கையி சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். அடியில படுத்துப் பாத்துட்டு எந்திரிச்சு வந்து என்ன சொன்னான்னா, "ங்ணா, ஸ்பிரிங்குல மட்டும் கை வெக்காதீங்க. கம்பெனி ஸ்பிரிங்கு நல்லாத்தான் இருக்குது. நீங்க ஒதுக்கியிருக்கற காசுக்கு நாலு நல்ல ஷாக் போடுங்க, புஷ் எல்லாத்தையும் மாத்துங்க, டயரை நல்லதாப் போடுங்க, அலைன்மெண்ட் பாருங்க. போதும். தெருவுல ஓட்டற வண்டிதானுங்ணா" அப்படீன்னான்.

போதும்னு அவன் சொல்லிட்டாப் போதுமா? நீங்களே சொல்லுங்க தம்பி. அத்தனை பண்ணுனாலும் வெளிய ஒண்ணும் தெரியாது. வண்டி பழைய உசரத்துலயேதான் நிக்கும். டயருக்கும் அதுக்கு மேல இருக்கற வளைவுக்கும் நடுவுல நாலு விரல் சந்து இருக்குதுங்க, ஜீப்பாட்ட. எனக்கு அந்தச் சந்து ஒழியணும். வெளிநாட்டுல செட்டா வருது, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்தே, திருகித் திருகி உசரத்தை ஏத்தி எறக்கிக்கலாம். அது வண்டி விலைல பாதி. அந்தக் காசுக்கு நான் எங்க போறது?

அப்பத்தான் ரோசனை வந்துச்சு. நம்மூர்ல செய்ய முடியாத சாமானம் எதுங்க? பம்பு செய்யறோம், மோட்டர் செய்யறோம், தறிக்கு வேண்டிய அத்தனையும் செய்யறோம். ஒரு ஸ்பிரிங்கு செய்ய முடியாதா? மூணாவது வீதியில தறிக்கும் பிரஸ்ஸுக்கும் ஸ்பிரிங்கு சுத்தறவர் இருக்காரு. பழசுல ஒண்ணக் கழட்டிச் சேம்பிளுக்குக் குடுத்து, ரெண்டு இஞ்சி குட்டையா, கம்பி ஒரு சுத்து தடிமனா வேணும்னு சொன்னேன். நாலே நாள்ல நாலு ஸ்பிரிங்கு. கன்னங்கரேல்னு எண்ணெய் பூசி இந்த மேசை மேல வரிசையா நிக்குது. அட, அதைப் பாக்கறதுக்கே ஒரு சந்தோசம்ங்க.

போஸ்கோ அதைக் கையில எடுத்துப் பாத்தான். அழுத்திப் பாத்தான். கீழ வெச்சான். "ங்ணா, ஸ்பிரிங்கு எடையத் தாங்கறது. அது குதிக்கறதை அடக்கறது ஷாக். செத்துப்போன ஷாக்கை வெச்சுட்டு இத்தனை முறுக்கான ஸ்பிரிங்கை மாட்டுனா, வண்டி ஆட ஆரம்பிச்சா நிறுத்தறதுக்கு ஆளிருக்காது."

மாட்டுடான்னேன்.

பொறுமையாத்தான் சொன்னேன். மூணு தடவை சொன்னேன்.

அவனும் சரின்னு உக்காந்தான். முன்பக்கத்துப் பழைய ஸ்பிரிங்கைக் கழட்டணும்னா ரெண்டு ஊக்கு போட்டு, போல்ட்டை முறுக்கி முறுக்கி ஸ்பிரிங்கை நசுக்கி வெச்சுக்கிட்டுத்தான் எடுக்கணும். அவன் ஒரு பக்கம் கால் சுத்து, இன்னொரு பக்கம் கால் சுத்துன்னு ஆமையாட்ட முறுக்கிட்டு இருக்கறான். எனக்குப் பதினொரு மணிக்கு ஒரு பார்ட்டி பட்டறை வேலையாப் பாக்க வரேன்னு சொல்லியிருந்தாரு. "எந்திரிடா"ன்னு ஸ்பேனரைப் புடுங்கி நானே ஒரே பக்கமா நாலு சுத்து முறுக்குனேன். ஊக்கு நழுவிப் போச்சு.

சத்தம் கேட்டிருக்கீங்களா நீங்க, நசுக்கி வெச்ச ஸ்பிரிங்கு விடுபடற சத்தம்? வெடியாட்டங்க. மேல பாருங்க, அங்க கூரை சீட்டுல தகரம் வெச்சு அடைச்சிருக்குதில்லீங்க, அது வழியாத்தான் வெளிய போச்சு. போற வழியில போஸ்கோ கையைத் தட்டிட்டுப் போச்சு. எடது கை ரெண்டு விரல். ஒண்ணு தொங்குது. ரத்தம் அந்தப் புது ஸ்பிரிங்கு மேலெல்லாம் தெறிச்சுக் கெடக்குது. அவன் கையைப் புடிச்சுக்கிட்டு என்னைப் பாத்து, "சொன்னேனில்லங்ணா"ங்கறான்.

அந்த வார்த்தை எனக்கு ஆகவே ஆகாதுங்க. சொன்னேனில்ல. வலிக்குதுன்னு கத்து, ஐயோங்கறயா சொல்லு, என்னை நாலு கெட்ட வார்த்தை கூடத் திட்டிக்க. சொன்னேனில்லங்கறது என்ன பேச்சு? என்ற கையில ஸ்பேனர் இருந்துச்சு. நான் எடுக்கலை, அது முன்னாலயே கையிலதான் இருந்துச்சு. தோள்ல ஒண்ணு விழுந்துருச்சு. காரை எலும்பு முறிஞ்சுபோச்சு. எலும்பே வீக்கா இருந்திருக்குது அவனுக்கு. அப்புறம் டெம்போவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு நான்தானுங்க கொண்டு போனேன். வழியெல்லாம் சிவப்பு விளக்குல கூட நிக்காமப் போனேன். இப்ப ஊரெல்லாம் என்னைப் பத்திப் பேசறான்ல, அதை மட்டும் சொல்ல மாட்டான்.

தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாமா. சரி.

வேற ஒரு ஆளை வெச்சு நாலு ஸ்பிரிங்கையும் மாட்டியாச்சு. வண்டி எறங்கி நின்னுச்சு பாருங்க தம்பி. சந்தே இல்லை. சத்தி ரோட்டுல போனா பஸ்ஸுல இருக்கறவங்க எட்டி எட்டிப் பாக்கறாங்க. வேகத்தடையில மட்டும் அடி உரசும். ஒரு நாள் அப்படி உரசறப்ப பின்னால வந்த பால்காரர் சிரிச்சுட்டாரு. எறங்கிப் போயி ரெண்டு கேனையும் ரோட்டுல கவுத்து விட்டுட்டு வந்தேன். ஆளைத் தொடலை. அந்தளவுக்குப் பொறுமை.

அன்னிக்குப் பொழுதோட மிருதுளா காலேஜ் விட்டு நேரா பட்டறைக்கு வந்தா. வண்டியச் சுத்திச் சுத்தி வந்தா. நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை வரும்னு நான் நின்னுட்டிருக்கறேன். அவ பையைக் கீழ வெச்சுட்டு, முன்பக்கத்து மூலையில ரெண்டு உள்ளங்கையையும் வெச்சு, ஒடம்பு முழுக்கச் சாஞ்சு வண்டிய அமுக்கிப் பட்டுனு விட்டா. வண்டி ஆடுச்சு. அவ எண்ணுறா. "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு." எண்ணிட்டு, "அப்பா, ஒருக்கா எந்திரிச்சா அதோட நின்னுக்கணுங்ப்பா. இது நாலு வாட்டி ஆடுது. வேகமாப் போறப்ப மேடு பள்ளத்துல விழுந்தா டயர் ரோட்டைத் தொடாது. தொடாத டயரை வெச்சு எப்படித் திருப்புவீங்க?"

பட்டறையில ஆறு பேர் வேலை செய்யறாங்க. ஆறு லேத்தும் நின்னு போச்சு.

அப்புறம் ஒரு பேப்பரை எடுத்து எழுதுறா. மொதல்ல ஷாக். அப்புறம் பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டணும். அப்புறம் புஷ், டயர், அலைன்மெண்ட். கையில இருக்கற காசுக்குள்ள எது எதை முன்னால பண்ணணும்னு வரிசையா. போஸ்கோ சொன்ன அதே பேச்சு. ஆஸ்பத்திரியில போயி அவனைப் பாத்துட்டு வந்திருப்பாளோன்னு எனக்குச் சந்தேகம். கேட்டேன். "இதை ஒருத்தர் சொல்லித் தரணுமாப்பா, கணக்குதான"ன்னா. பேப்பரைக் கிழிச்சேன். அவ இன்னொரு பேப்பரை எடுத்து முதல் வரியில இருந்து மறுபடி எழுதி, அந்த டூல்ஸ் பீரோ கதவுல டேப் போட்டு ஒட்டிட்டுப் போயிட்டா. யார் மகள்ங்க அவ? பெருமையாத்தான் இருந்துச்சு. கோவமும் வந்துச்சு. ரெண்டும் ஒண்ணா வரும் எனக்கு.

ராத்திரி சோறு போடறப்ப சாந்தாமணி, "அவ சொல்றதைக் கேட்டாத்தான் என்னங்க"ன்னு கேட்டா. இருவத்தி மூணு வருசத்துல எதுத்து ஒரு வார்த்தை பேசாதவ. தட்டு செவுத்துல போச்சு. செவுத்துலதான், ஆள் மேல இல்லை. அவளும் சத்தமில்லாமக் கூட்டி அள்ளிட்டா. எங்க ஊட்ல நடக்கறது பக்கத்து ஊட்டுக்குக் கேக்கவே கேக்காதுங்க. எல்லாத்தையும் அவ உள்ளயே அடக்கி வெச்சுக்குவா. நல்ல பொம்பளைங்க, குத்தம் சொல்ல மாட்டேன்.

மறு வாரம் சனிக்கெழமை காலைல ஆறரை மணி. மிருதுளாவை எழுப்பி, "வா அம்முணி, ஏறு. ஸ்பிரிங்கு நிக்குதா நிக்கலையான்னு ரோட்டுல பாத்துக்கலாம்"ன்னேன். அவளும் மறுக்கலை. அன்னூர் ரோட்டுல கோவில்பாளையம் தாண்டி ரோடு காலியாக் கெடந்துச்சு. மிதிச்சேன். நூறு. நூத்திப்பத்து. ஒண்ணும் ஆகலை. பாத்தியான்னு அவ பக்கம் திரும்புனேன். அங்க ஒரு சின்னப் பாலம் இருக்குது. பாலமும் ரோடும் சேர்ற எடத்துல ஒரு கை அளவு பள்ளம். வண்டி விழுந்து எந்திரிச்சுது. ஆட ஆரம்பிச்சுது.

இவ எண்ணுறா.

கத்தலை, அழுகலை, அப்பான்னு கூப்புடலை. முன்னால பாத்துக்கிட்டு, காலேஜ்ல பாடம் படிக்கறவளாட்ட, "ஒண்ணு"ங்கறா. எண்ணாத அம்முணின்னேன். "ரெண்டு." எண்ணாதன்னு சொல்றனில்ல. "மூணு"ன்னா. என்ற எடது கை போயிருச்சுங்க.

ஒண்ணே ஒண்ணுதான். பொறங்கையிலன்னு நெனைக்கறேன். இல்லை, உள்ளங்கைதான். அது அடின்னு சொல்ல முடியாது. வாயை மூடுன்னு சொல்றதுக்குப் பதிலா ஒரு தட்டு. ஸ்டீயரிங்குல ஒத்தைக் கைதான் இருந்துச்சு, வண்டி ஆடிக்கிட்டே இருந்துச்சு, மூக்கு வலது பக்கம் இழுத்துக்கிட்டு ரோட்டைத் தாண்டி அக்கட்டால பாலத்துக் கட்டைச் சுவருல போயி மோதி நின்னுச்சு. வலது முன்பக்கம் நசுங்கிப்போச்சு. என்ற முட்டி டேஷ்போர்டுல இடிச்சு வீங்கிருச்சு. இப்பவும் மாடிப்படி ஏறறப்ப வலிக்குது. அவ பக்கம் ஒரு கீறல் இல்லைங்க. கண்ணாடி கூட உடையலை. அவ வலது காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தா. விரலுக்கு நடுவுல நூலாட்ட ரத்தம்.

ஸ்பிரிங்குதான் காரணம். அது வேற, இது வேற. ஷாக் மாத்தாம ஸ்பிரிங்கு போட்டதாலதான் அப்படி ஆச்சு, அதை நான் ஒத்துக்கறேன். அதுக்குத்தான் எல்லாத்தையும் சொல்லிட்டு விக்கறேன்னேன்.

ஆஸ்பத்திரியில ஒரு பொம்பளை டாக்டரு, சின்ன வயசுதான். வண்டி மோதுனப்ப கதவுக் கண்ணாடி காதுல இடிச்சுருச்சுன்னு நான் சொன்னேன். "பாப்பா எந்தப் பக்கம் உக்காந்திருந்தாங்க?" "எடது பக்கம்ங்க." "கண்ணாடி எந்தப் பக்கம்?" "எடதுதானுங்க." அந்தம்மா மிருதுளாவோட வலது காதுக்குள்ள விளக்கு போட்டுப் பாத்துக்கிட்டே இருக்குது. வலது பக்கம் யார் உக்காந்திருந்தாங்கன்னு என்னைக் கேக்கலை. எழுதுச்சு. ஜவ்வு கிழிஞ்சிருக்குதாம். கொஞ்சமாக் கேக்கும், முழுசா வராதாம். டாக்டருகளுக்கு மருந்து குடுக்கறதை விட ஆள் மேல குத்தம் கண்டுபிடிக்கறதுலதான் குறி.

ஆனா ஒண்ணு சொல்றேன். என்ற மக என்னைக் காட்டிக் குடுக்கலைங்க. டாக்டர் ரெண்டு தடவை அவளைத் தனியாக் கேட்டுச்சு. கண்ணாடிதான்னு சொல்லிட்டா. பாசமில்லாமயா அப்படிச் சொல்லுவா?

அன்னிக்கு மத்தியானமே சாந்தாமணி அவளைக் கூட்டிக்கிட்டுத் திருப்பூர் போயிட்டா. ஆஸ்பத்திரி வாசல்ல இருந்தே. ஊட்டுக்கு வந்து ஒரு சேலை எடுத்துக்கலை. அவ தம்பி கார் கொண்டாந்து நிறுத்திக் கூட்டிட்டுப் போயிட்டான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. மூணாவது நாள் நான் போனேன். மச்சினன் கேட்டுல நின்னுக்கிட்டு உள்ள விடமாட்டேங்கறான். என்ற சம்சாரம், என்ற மக, இவன் யாருங்க நடுவுல? அவன் கார் ஹெட்லைட்டு ரெண்டையும் கல்லை எடுத்து உடைச்சேன். நூல் கடைப் பசங்க நாலு பேர் வந்து என்னைப் புடிச்சுத் தள்ளுனாங்க. இந்தப் புருவத்துல தழும்பு இருக்குதில்லீங்க, அது அங்க வாங்குனதுதான். நானும் ஒருத்தன் மூக்கை உடைச்சுட்டுத்தான் வந்தேன்.

எட்டு மாசம் ஆச்சுங்க.

எட்டு மாசத்துல நான் என்ன பண்ணுனேன்னு யாராச்சும் கேட்டாங்களா? அதா, பீரோ கதவுல அந்தப் பேப்பர் இன்னும் ஒட்டியிருக்குது பாருங்க. அவ எழுதுன வரிசையில ஒரு வரி கூட மாத்தாம அத்தனையும் பண்ணுனேன். சுத்துன ஸ்பிரிங்கு நாலையும் கட்டிங் வீல்ல துண்டு துண்டா அறுத்துக் குப்பையில போட்டேன். வலது பக்கத்தை நிமித்திப் பெயிண்ட் அடிச்சேன். நாலு நல்ல ஷாக் வாங்குனேன். நெம்ப விலையில்லை, அவ எழுதுன அதே ரகம்தான். கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டுனேன். புஷ், டயர், அலைன்மெண்ட். போஸ்கோ வரமாட்டேன்னுட்டான், எல்லாம் நானே பண்ணுனேன். கால் சுத்து, கால் சுத்தா முறுக்கி. இப்ப அமுக்கி விட்டுப் பாருங்க, ஒரு தடவை எந்திரிச்சு நின்னுக்கும். உள்ள உக்காந்து போனா பாலம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அந்த நாலு விரல் சந்து இருக்குது. இருந்துட்டுப் போகட்டும்.

அமுக்கி விடறதை வீடியோ எடுத்து அவளுக்கு அனுப்புனேன். பாத்துட்டா, நீலக் குறி வந்துச்சு. பதில் இல்லை. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வண்டிய எடுத்துட்டுப் போயி அந்த வீதியில நிறுத்திட்டு உக்காந்திருப்பேன். சன்னல் சாத்தியிருக்கும். ஆரன் அடிச்சுப் பாத்தேன். வலது காதுல கேக்காதுன்னு வேற பக்கமா நிறுத்தி அடிச்சேன். மச்சினன் போலீசுல எழுதிக் குடுத்துட்டான், இனி அந்தப் பக்கம் போனா உள்ள வெச்சுருவாங்களாம்.

அதுக்கு மேலதான் வண்டிய விக்கறதுன்னு முடிவு பண்ணுனேன். ஒளிச்சுப் பேச என்ன இருக்குது. வித்தா அவ கையெழுத்து வேணும். கையெழுத்துப் போட வந்துதான் ஆகணும். வந்தான்னா அவளை இந்த மூலையில நிறுத்தி, நீயே அமுக்கிப் பாரு அம்முணின்னு சொல்லுவேன். அமுக்குவா. எண்ணுவா. ஒண்ணோட நின்னுரும். அப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லணும் அவகிட்ட. உன்ற கணக்கு சரின்னு சொல்லணும். அவ்வளவுதான் தம்பி. மன்னிப்புக் கின்னிப்பெல்லாம் இல்லை, பெத்த அப்பன் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? கணக்கு சரின்னு சொன்னா அவளுக்குப் புரிஞ்சுரும்.

அதனாலதான் கண்டிசன். நீங்க இன்னிக்கு வண்டியப் பாத்துட்டுப் போங்க. நாளைக்கோ நாளான்னிக்கோ அவளுக்குச் சொல்லி...

என்ன அது? கையில இருக்கற பைலுக்குள்ள என்ன இருக்குது?

குடுங்க.

இது ட்ரான்ஸ்பர் பாரம். இது அவ கையெழுத்து. இந்த 'ளா'வை இப்படிச் சுழிக்கறது அவதான்... இல்லை, அவ இங்கிலீசுலதான் போடுவா. கண்ணு சரியாத் தெரியலை எனக்கு. ஆமா, அவ கையெழுத்துதான். தேதி முந்தாநேத்து.

நேராப் போயிட்டீங்களா? நூல் கடைன்னு நான்தான் போன்ல சொன்னேன், இல்லீங்க? நான்தான் சொன்னேன். என்னைப் பாக்கறதுக்கு முன்னால அவளைப் போயிப் பாத்திருக்கீங்க. பேப்பர் சுத்தமா இருக்குதான்னு விசாரிக்கறதுக்கு. நல்லதுதான். எல்லாரும் அப்படித்தான் பண்ணணும்.

எப்படி இருக்கறா? எளைச்சுட்டாளா? உங்ககிட்ட ஒக்காந்து பேசுனாளா? காப்பி குடுத்தாளா? வண்டி எப்படின்னு கேட்டீங்களா அவகிட்ட? என்ன சொன்னா?

வண்டி இப்ப நல்லா இருக்கும்னா?

அவளேவா? "எங்கப்பா சரி பண்ணிட்டாரு, தைரியமா எடுங்க"ன்னு அவ வாயால சொன்னாளா? மறுபடி ஒருக்கா சொல்லுங்க தம்பி. எங்கப்பான்னே சொன்னாளா? பாத்தீங்களா! வீடியோவப் பாத்துட்டு நல்லா எண்ணியிருக்கறா. நான் சொன்னனில்லீங்க அவளுக்குப் பாசம் இருக்குதுன்னு. வேற? வேற என்ன சொன்னா? என்னமோ சொல்ல வந்துட்டு நிறுத்தறீங்க. சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்.

உங்க போன் அடிக்குது, எடுங்க. எடுங்கங்கறேன். ஏன் கட் பண்றீங்க? மறுபடி அடிக்குது பாருங்க. குடுங்க இங்க. ஹலோ... ஆரு? ... ஹலோ?

"ஒண்ணும் பண்ணலையில்லடா, உள்ள வரட்டுமா"ங்கறான். ஆரு இவன்? உங்க சிநேகிதங்களா? ரெண்டு பேரா? எங்க நிக்கறாங்க? முக்குல பேக்கரியிலயா. எதுக்கு அங்க நிக்கறாங்க, இங்க வந்து உக்காந்து வண்டியப் பாக்கறதுக்கு என்ன?

அவ சொன்னாளா.

தனியாப் போகாதீங்கன்னு அவ சொன்னாளா. வண்டியத் தைரியமா எடுங்க, ஆனா தனியாப் போகாதீங்கன்னா. சரி. சரிங்க. அப்படியா சொன்னா.

நீயே சொல்லுப்பா, இத்தனை நேரமா இங்க உக்காந்திருக்கற, உன்னைத் தொட்டனா? தண்ணி வேணுமான்னு கேட்டேன். செருப்பைக் கழட்டாத, காலைக் கிழிச்சுரும்னு சொன்னேன். கை ஓங்குனனா? உக்காரு. எதுக்கு எந்திரிக்கற? உக்காருன்னு சொல்றனில்ல. போன் என்ற கையிலயே இருக்கட்டும், ஓடியா போயிடும்? இதை ஆப் பண்ணிக்கலாம், பேசறப்ப தொந்தரவா இருக்குது.

தனியாப் போகாதீங்களாம். பெத்த மக.

அவ இனி வரமாட்டா, இல்லீங்களா? கையெழுத்துத்தான் போட்டுட்டாளே. இனி எதுக்கு வருவா. இந்த ஒண்ணைத்தானுங்க நான் புடிச்சு வெச்சிருந்தேன்.

முன்பக்கத்து ஷட்டரைச் சாத்திட்டு வந்துட்டேன், வெயில் அடிக்குதுன்னு. பின்னால ஒரு ஷட்டர் இருக்குது, அது வழியாத்தான் வண்டிய எடுக்கறது. நேரா அந்தச் சந்துல எறங்கி சத்தி ரோட்டைப் புடிச்சுரலாம். பேக்கரிப் பக்கம் போகவே வேண்டியதில்லை. தார்ப்பாயை அந்தப் பக்கம் புடிங்க, மடிச்சுரலாம். ஷட்டரைப் பாக்காதீங்க. உங்க மேல எனக்கு என்ன கோவம்? நீங்க யாரோ, நான் யாரோ.

இப்பத்தான் தம்பி எனக்கு ரோசனை வருது. கையெழுத்துத்தான் ஆயிருக்குது, பேர் இன்னும் மாறலை. இன்னிக்குத் தேதிக்கு இது மிருதுளா வண்டி. இந்த வண்டியில ஒரு ஆளுக்கு எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னு வைங்க, போலீசு வந்து மொதல்ல பாக்கறது வண்டி ஆர்.சி. புத்தகத்துல யார் பேர் இருக்குதுன்னுதான். பேர் இருக்கறவளைத்தான் கூப்புடும். மாமன் வேண்டாம்னாலும், ஆத்தா வேண்டாம்னாலும் வந்துதான ஆகணும்? அவளே நேர்ல வந்து, வண்டிக்குப் பக்கத்துல நிக்கத்தான வேணும்?

ஓட்டிப் பாக்கணும்னு போன்ல கேட்டீங்களே. நானே ஓட்டறேன், நீங்க உக்காந்து பாருங்க. ஏறுங்க. அந்தக் கதவு இல்லை, அது என்ற பக்கம். எடது பக்கம் ஏறுங்க.